அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்பிய ஆட்டம்

அப்பாவுக்கு 76 வயது. "தினமும் கொஞ்சம் நடங்க" என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நடைப்பயிற்சி மேல் அவருக்குத் தனிப்பகை. காலையில் குளிர், மாலையில் கொசு, இரண்டும் இல்லாத நாளில் முழங்கால். பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். எட்டு மாதம் அங்கேயே இருந்து மஞ்சளானதுதான் மிச்சம்.

நடுவில் ஒரு நாள் குளியலறையில் கால் வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார். அடி எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எழுந்திருப்பதையே குறைத்துக்கொண்டார். தண்ணீருக்கு அம்மாவைக் கூப்பிடுவார், கண்ணாடிக்கு என் மகளைக் கூப்பிடுவார், ஃபோன் அடித்தால் கையில் அகப்பட்டவரைக் கூப்பிடுவார். விழுந்துவிடுவோம் என்று பயந்து அசையாமல் இருந்தால் தொடைத் தசை இளைக்கும், தசை இளைத்தால் நிஜமாகவே விழுவோம். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "சும்மா பயமுறுத்தாதம்மா" என்று சேனலை மாற்றினார்.

இந்த நேரத்தில்தான் உறவுக்காரர் வீட்டுப் பரணைக் காலி செய்தபோது ஒரு அட்டைப்பெட்டி எங்களிடம் வந்து சேர்ந்தது. உள்ளே நின்டெண்டோ வீ, ரிமோட்டைக் கையில் பிடித்து அசைத்து டிவியில் ஆடும் வீடியோ கேம் கருவி. 2006 கடைசியில் வெளிவந்து, 2013ல் தயாரிப்பு நின்றுபோன இயந்திரம். கூடவே டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என ஐந்து ஆட்டங்கள் கொண்ட வீ ஸ்போர்ட்ஸ் வட்டு. அடியில் தராசு மாதிரி ஒரு வெள்ளைப் பலகை. என் 12 வயது மகளுக்காகத்தான் வாங்கி வந்தேன். அவள் பார்த்துவிட்டு, "இது நான் பொறக்கிறதுக்கு முன்னாடி வந்ததும்மா" என்று உதட்டைப் பிதுக்கினாள். அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். "பழசுன்னா உனக்கு அவ்வளவு இளப்பமா? குடு இங்க" என்று கை நீட்டினார். அவ்வளவுதான் தொடக்கம். திட்டம் போட்டு ஆரம்பித்திருந்தால் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பௌலிங் என்றால் கிரிக்கெட் பந்துவீச்சு இல்லை, பந்தை உருட்டிப் பத்துக் குச்சிகளைச் சாய்க்கும் ஆட்டம். அதில் ரிமோட்டின் அடியில் இருக்கும் 'பி' பொத்தானை ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். முன்னால் வீசும்போது பொத்தானை விட வேண்டும். நமக்கு இது ஒரே அசைவு. பொத்தானே பழகாத கைக்கு மூன்று தனித்தனி வேலை. மகள் "இப்ப விடுங்க தாத்தா! விடுங்க!" என்று கத்தினாள். தாத்தா விட்டார். பொத்தானை இல்லை, ரிமோட்டையே விட்டார். மணிக்கட்டில் மாட்டியிருந்த பட்டை இழுத்துப் பிடித்ததால் டிவி தப்பியது. இந்தப் பட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் வந்த மெல்லிய பட்டைகள் அறுந்துபோவதாகப் புகார் எழுந்து, 2006 டிசம்பரிலேயே சுமார் 32 லட்சம் பட்டைகளைத் தடித்ததாக மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. பழைய கருவி கைக்கு வந்தால் முதலில் பட்டையை இழுத்துப் பாருங்கள். இளைஞர்களைவிட முதியவர்களுக்கு அது அதிகம் தேவை, பிடி வலு குறைந்திருக்கும்.

இரண்டு நாள் போராடிய பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. காயத்துக்கு ஒட்டும் துணிப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி 'பி' பொத்தான் மேல் ஒட்டினேன். விரலுக்குச் சொரசொரப்பு தெரிந்ததும் எங்கே அழுத்துகிறோம் என்று கண்ணால் தேட வேண்டிய அவசியம் போனது. டிவியை அணைத்துவிட்டு, வெறும் கையசைவை மட்டும் பத்து நிமிடம் செய்யச் சொன்னேன். பிடி, பின்னால், முன்னால், விடு. திரையில் நகரும் பொம்மையும் சத்தமும் இல்லாதபோது அவருக்கு உடனே பிடிபட்டது. புதிதாக எதைக் கற்றாலும் வயதானவர்களுக்குத் திரையே பெரிய இடைஞ்சல் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

இன்னொரு இடைஞ்சல் என் மகள். "குடுங்க தாத்தா, நான் காட்டுறேன்" என்று ரிமோட்டைப் பிடுங்குவாள். ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் அப்பா ஒரு அடி பின்னால் நகர்ந்து, கடைசியில் சோபாவில் உட்கார்ந்துவிடுவார். அதனால் வீட்டில் சட்டம் போட்டேன்: சொல்லிக் கொடுப்பவர் வாயால் மட்டும் சொல்லலாம், கை நீட்டக் கூடாது. மகள் வேண்டுமென்றே தோற்றுப்போனதும் வேலைக்கு ஆகவில்லை. மூன்றாவது முறையிலேயே கண்டுபிடித்து, "என்னைக் குழந்தையாட்டம் நெனைக்கிறியா?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு அவள் இடது கையால் ஆட ஆரம்பித்தாள். அது நியாயமான போட்டியாகிவிட்டது. அப்பா ஜெயித்தால் அது நிஜமான ஜெயம்.

ஆனால் பேத்தியோடு ஆடுவதால் மட்டும் இது நீடித்திருக்காது. பள்ளி, பரீட்சை என்று அவளுக்கு ஆயிரம். நீடிக்க வைத்தது எதிர்வீட்டுப் பெரியவர். 81 வயது. அப்பாவோடு வாசலில் நின்று பேசும் பழக்கம் முன்பே உண்டு. ஒரு நாள் உள்ளே வந்தவர், ஒரே வீச்சில் பத்துக் குச்சிகளையும் சாய்த்துவிட்டார். குருட்டு அதிர்ஷ்டம்தான். அதற்கடுத்த நாள் அப்பா நாலு மணிக்கே டிவி முன்னால் தயாராக இருந்தார். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர் இல்லையா, ஒரு பழைய டைரியில் கட்டம் போட்டு, தேதிவாரியாக இருவருடைய புள்ளிகளையும் எழுத ஆரம்பித்தார். உடல்நலத்துக்காகப் பத்தடி நடக்காத மனிதர், எதிர்வீட்டுக்காரரைவிட 12 புள்ளி குறைந்துவிட்டோம் என்பதற்காக அரை மணி நேரம் நின்றார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். வீ ஸ்போர்ட்ஸ் பௌலிங் பெரிய உடற்பயிற்சி ஒன்றும் கிடையாது. முதியோர் இல்லங்களில் இந்த ஆட்டம் பரவிய காலத்தில் வந்த செய்திகளைப் படித்தால், ரிமோட்டை வீசியே எல்லோரும் இளமை திரும்பிவிட்டதுபோல இருக்கும். ஜப்பானில் ஆட்களை ஒரு மூடிய அறையில் ஆட வைத்து, அவர்கள் மூச்சு விடும் காற்றிலிருந்து சக்திச் செலவை அளந்த ஆய்வு 2010ல் வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவை 1 மெட் என்று வைத்தால், கோல்ஃபுக்கு 2.0, பௌலிங்குக்கு 2.6, டென்னிஸுக்கும் பேஸ்பாலுக்கும் 3.0, குத்துச்சண்டைக்கு 4.2. மிதமான உழைப்பு என்று கணக்கில் சேர 3 மெட்டாவது வேண்டும். அளக்கப்பட்டவர்கள் முதியவர்களும் இல்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. அதோடு தசை வலுப் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது, சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி மூன்று நாளாவது. கையை வீசும் பௌலிங்கை வைத்துக்கொண்டு இதில் எதை நிரப்புவது?

விடை என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. எனக்குத்தான் கண்ணில் படவில்லை. அம்மாவின் தோள் வலிக்காக வந்திருந்த பிசியோதெரபிஸ்ட், அப்பாவும் எதிர்வீட்டுக்காரரும் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் விட்டு எதையோ எண்ணினார். பிறகு என்னிடம், "ஃப்ரிட்ஜ்ல ஒட்டின தாள் இன்னும் இருக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். முதல் வரியைக் காட்டினார்: 'நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், 10 தடவை, 3 சுற்று.'

ஒரு பௌலிங் ஆட்டத்தில் பத்து ஃப்ரேம், அதாவது ஒவ்வொருவருக்கும் பத்து முறை. இருவர் ஆடினால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒருவர் மாற்றி ஒருவர் வீசுவார்கள். அப்பாவால் தொடர்ந்து நிற்க முடியாது, எனவே தன் முறை முடிந்ததும் உட்காருவார், முறை வந்ததும் எழுவார். ஆட்டத்துக்குப் பத்து முறை. தினமும் மூன்று ஆட்டம். எட்டு மாதமாக அவர் செய்ய மறுத்த அதே பயிற்சியை, அதே எண்ணிக்கையில், தனக்கே தெரியாமல் செய்துகொண்டிருந்தார். நடுவில் கிடைக்கும் ஓய்வுகூட மறுமுனைக்காரர் வீசும் நேரம்தான்.

அன்று முதல் என் கவனம் திரையிலிருந்து நாற்காலிக்குப் போனது. சோபாவில் உட்கார்ந்து ஆடுவதை நிறுத்தினோம். அது பள்ளம், எழும்போது முதுகு வளையும். கைப்பிடி உள்ள, கால் நான்கும் நகராத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். முதலில் மேலே ஒரு கெட்டியான மெத்தை. உயரம் கூடினால் எழுவது சுலபம். மூன்று வாரம் கழித்து மெத்தையை எடுத்தோம். பிறகு கைப்பிடியில் இரண்டு கையும் ஊன்றுவதை ஒரு கையாகக் குறைத்தோம். எடைத் தட்டு ஏற்றுவதுபோலத்தான் இதுவும், தட்டுக்குப் பதில் மெத்தை. "மெதுவா உட்காருங்கப்பா, தொப்புன்னு விழாதீங்க" என்பதை மட்டும் தினமும் சொல்ல வேண்டியிருந்தது. எழுவதைப்போலவே, மூன்று எண்ணி இறங்கி உட்காருவதிலும் தொடைக்கு நல்ல வேலை இருக்கிறது.

முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுவது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி 75 முதல் 79 வயது ஆண் 11க்குக் கீழே, அதே வயதுப் பெண் 10க்குக் கீழே எடுத்தால் சராசரிக்குக் குறைவு. கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் எண்ணிக்கை பூஜ்யம். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, அப்பா அந்த மாதம் எடுத்தது 8. நாலு மாதம் கழித்து 12. அந்த 12ஐயும் டைரியில் எழுதிக்கொண்டார், ஆனால் எதிர்வீட்டுக்காரர் 9 எடுத்ததைப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியதுதான் அவருக்கு முக்கியம்.

கோளாறுகளும் குறைவில்லை.

முதல் வாரமே அப்பா ஒரு மதியம் முழுக்க டென்னிஸ் ஆடித் தீர்த்தார். மறுநாள் வலது தோளைத் தூக்க முடியவில்லை. 2007லேயே ஒரு 29 வயது மருத்துவர் இப்படி மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடி, மறுநாள் தோள் வலியோடு எழுந்து, அதற்கு 'வீயைட்டிஸ்' என்று பேர் வைத்து நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கே கடிதம் எழுதியிருக்கிறார். 29 வயதுக்கே அந்தக் கதி. நிஜ மட்டையின் கனம் கையில் இல்லாததால் கை எல்லை தெரியாமல் வீசும், அதுதான் சிக்கல். இப்போது ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம், ஒன்று விட்டு ஒரு ஆட்டம் கை மாற்றி வீச வேண்டும். டென்னிஸ் கிடையாது. உண்மையில் மணிக்கட்டைச் சுண்டினாலே இயந்திரம் ஏற்றுக்கொள்ளும், என் மகள் படுத்துக்கொண்டே ஆடுவாள். ஆகவே பெரியவர்களை முழுதாக அசைய வைப்பது இயந்திரத்தின் வேலையாக இருக்காது, கூட இருப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு ஒரு நாள் எழுந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர். சட்டென்று எழும்போது அழுத்தம் இறங்கி இப்படி ஆவது முதியவர்களிடம் சகஜம். நல்லவேளை, அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவருடைய மகன் மருத்துவரிடம் அழைத்துப்போய் மாத்திரை அளவைப் பார்க்கச் சொன்னார். நாங்களும் ஒரு பழக்கம் வைத்தோம். எழுவதற்கு முன் உட்கார்ந்தபடியே குதிகாலை நாலைந்து முறை தூக்கி இறக்குவது, எழுந்த பின் ஐந்து எண்ணும்வரை ரிமோட்டைத் தூக்காமல் நிற்பது. அந்த ஐந்தை அவர் சத்தமாக எண்ணுவார். மூச்சு அளவோடு வாங்குகிறதா என்று பார்க்க, பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அவரோ எப்போது கேட்டாலும் பாடிக் காட்டிவிடுவார், சுருதி விலகினாலும் கவலைப்பட மாட்டார். எனவே அவர் விஷயத்தில் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் ஆட்டம் அந்த நொடியே நிற்க வேண்டும். கடந்த ஓராண்டில் விழுந்தவர்களும், இதய நோயோ வலிப்போ உள்ளவர்களும் ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. திரை மின்னுவது சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

அறையைப் பற்றியும் சொல்கிறேன். தரை விரிப்பைச் சுருட்டினோம், நடு மேஜையை வெளியேற்றினோம், ஒயரைச் சுவரோரம் ஒட்டினோம். வழவழப்பான காலுறை வேண்டாம். வெறுங்கால், இல்லாவிட்டால் பின்பட்டை உள்ள பிடிப்பான செருப்பு. அப்பாவின் கண்ணாடி இரட்டைப் பார்வைக் கண்ணாடி. கீழ்ப்பாதி வழியே தரையைப் பார்த்தால் மங்கும், கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. தூரப் பார்வைக்கென்று தனியாக ஒன்று செய்துகொண்ட பிறகு அந்தத் தயக்கம் போனது. இன்னொரு மர்மம்: சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் திரையில் கைச்சுட்டி துள்ளிக் குதிக்கும். கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். டிவிக்கு மேல் வைக்கும் 'சென்சார் பார்' உண்மையில் எதையும் உணர்வதில்லை, அகச்சிவப்பு ஒளியைக் காட்டும் விளக்குகள்தான் அதில் இருக்கின்றன. உணர்வது ரிமோட்டின் முனையில் உள்ள கேமரா. ஜன்னல் வழியே டிவிப் பக்கம் விழும் வெயில் அதைக் குழப்புகிறது. திரைச்சீலையை இழுத்தோம், சரியாகிவிட்டது.

அம்மா கதை வேறு. 70 வயது. போட்டி என்றாலே பிடிக்காது, நாலு பேர் முன்னால் கை காலை ஆட்ட வெட்கம். அந்த வெள்ளைப் பலகை அவருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது. வீ ஃபிட் ஆட்டத்தோடு வந்த பேலன்ஸ் போர்டு அது. நாலு மூலையிலும் எடை உணரும் கருவி உண்டு, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கும். ஆய்வகத்தில் சமநிலையை அளக்கும் விலையுயர்ந்த தட்டோடு ஒப்பிட்டு, 2010ல் ஆய்வாளர்கள் இதற்கு நல்ல மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள்.

நான் செய்த தப்பு, முதல் நாளே அது கேட்டபடியெல்லாம் செய்யவிட்டது. உயரம் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, எடை பார்த்தது. அதிக எடை என்று அறிவித்து, திரையில் இருந்த அம்மாவின் பொம்மையை அவர் கண் முன்னாலேயே ஊத வைத்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. இறங்கி அடுக்களைக்குப் போய்விட்டார். அப்பாவுக்கும் இதுபோல ஒன்று நடந்தது. வீ ஸ்போர்ட்ஸில் 'உடற்தகுதி வயது' என்று ஒரு சோதனை, 20 முதல் 80 வரை சொல்லும். அவருக்கு 80 காட்டியது. இரண்டு நாள் ரிமோட்டைத் தொடவில்லை. இளைஞர்களைச் சீண்டி மறுபடி ஆட வைக்கும் தந்திரம் இது. வயதானவர்களுக்கு ஏற்கெனவே உடம்பு தினமும் சொல்லிக்கொண்டிருப்பதை இயந்திரம் வேறு சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சோதனைகளைத் தாண்டி நேராக ஆட்டத்துக்குப் போக வழி இருக்கிறது. கூட இருப்பவர் முன்கூட்டியே ஆடிப் பார்த்து, எந்தத் திரை மனதை நோகடிக்கும் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, யாரும் இல்லாத மதியத்தில் அம்மாவை மறுபடி ஏற்றினேன். இந்த முறை சாய்வு மேஜை ஆட்டம் மட்டும். திரையில் ஒரு பலகை, அதில் உருளும் கோலிகள், நடுவில் ஓட்டை. உடம்பை மெல்லச் சாய்த்துக் கோலியை ஓட்டையில் விழ வைக்க வேண்டும். கண்டபடி அசைந்தால் கோலி வெளியே ஓடிவிடும், எனவே மெதுவாக, கணுக்கால் அளவில் மட்டும் சாய வேண்டியிருக்கிறது. அம்மாவின் கால் விரல்கள் பலகையைப் பற்றுவதைப் பார்த்தேன், ஐந்தும் தனித்தனியாக வேலை செய்தன. கோலம் போடும்போது வரும் அதே முகம். தலைக்கு வரும் பந்தை முட்டும் ஆட்டமும் அதில் உண்டு. அது வேகம், சட்டென்று பக்கவாட்டில் சாய வைக்கும். அதை அம்மாவின் கண்ணில் காட்டவே இல்லை.

பலகையின் உயரம் இரண்டு அங்குலம்தான். ஆனால் ஆட்டம் முடிந்த சந்தோஷத்தில், கண் திரையில் இருக்க, பலகை மேல் நிற்கிறோம் என்பதை மறந்து பின்னால் காலெடுத்து வைத்தார். நான் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். விழாமல் இருக்கப் பழகும் கருவியில் ஏறி விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது! அன்றிலிருந்து பலகைக்கு முன்னால் ஒரு கனமான நாற்காலி, முதுகுப்பக்கம் அம்மாவைப் பார்த்தபடி. இரண்டு விரல் அதன் மேல் இருக்க வேண்டும். பலகைக்குப் பின்னால் சுவர். இறங்கும்போது குனிந்து பலகையைப் பார்த்து, முன்பக்கமாக இறங்க வேண்டும்.

புதிய கருவிகள் ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள். ஒருவரிடம் இரவல் வாங்கி ரிங் ஃபிட் அட்வென்ச்சரை முயன்றோம். நின்டெண்டோவின் பிற்காலக் கருவியான ஸ்விட்சுக்காக 2019ல் வந்த ஆட்டம். வளையத்தை அழுத்துவது, தொடையில் பட்டை கட்டி ஓடுவது என்று உடற்பயிற்சி என்ற அளவில் இது எவ்வளவோ மேல். முழங்கால், இடுப்பு, தோள் வலி உள்ளவர்களுக்கு அந்தந்த அசைவைக் குறைத்துக்கொள்ளும் வசதியும், குதித்து ஓடுவதற்குப் பதில் மடங்கி நிமிரும் வசதியும் இருக்கின்றன. 60களில் இருக்கும், திரை பழகிய ஒருவருக்குத் தயங்காமல் சொல்வேன். அப்பாவுக்குக் கதையும் எழுத்தும் வேகமாக ஓடின, மூட்டு வலிக்கும் உள்ளங்கை வளையத்தை அழுத்த மறுத்தது. கண்ணை மூடிக் கட்டும் விஆர் தலைக்கவசத்தை நின்றுகொண்டு ஆட முதியவர்களிடம் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. தரை தெரியாது. ஃபோனில் போக்கிமான் கோ ஆடியபடி நடப்பதிலும் இதே ஆபத்து. ஆனால் ஆப்பைத் திறக்காமலே நடந்த தூரத்தைக் கணக்கில் சேர்க்கும் வசதி அதில் 2018ல் வந்துவிட்டது. ஃபோன் சட்டைப்பையில், திரை பார்ப்பது பெஞ்சில் உட்கார்ந்த பிறகு என்று வைத்துக்கொண்டால் பரவாயில்லை.

ஆறாவது வாரம் வாக்கில் எல்லோருக்கும் சலிக்கும். எங்களுக்கும் சலித்தது. எதிர்வீட்டுப் பெரியவர் பத்து நாள் மகள் வீட்டுக்குப் போனதும் அப்பா மறுபடி செய்திச் சேனலுக்குத் திரும்பினார். அந்தப் பத்து நாளும் நான் எவ்வளவு கெஞ்சியும் ரிமோட்டைத் தொடவில்லை. அவர் திரும்பி வந்த அன்று மாலை இரண்டு ஆட்டம் நடந்தது. ஆகவே கருவிக்குச் செலவழிப்பதற்கு முன், எதிரே உட்கார ஒரு ஆள் கிடைப்பாரா என்று பாருங்கள். அந்த ஆளும் ஏறத்தாழ அதே வயதில், அதே அளவு மோசமாக ஆடுபவராக இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு அப்பா இன்னும் நடைப்பயிற்சிக்குப் போவதில்லை. கொசுவாம்.

போன வாரம் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றும்போது வீயின் செய்திப் பலகையைத் தற்செயலாகத் திறந்தேன். எந்த நாளில் எந்த ஆட்டம் எவ்வளவு நேரம் ஆடப்பட்டது என்று இயந்திரம் தானாகவே குறித்து வைக்கும் இடம் அது. வீ ஸ்போர்ட்ஸ் எல்லாம் மாலையில், எதிர்பார்த்தபடி. வீ ஃபிட்டைத் திறந்து மூன்று வாரமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். வரிசையாக இருந்தது. திங்கள் 18 நிமிடம், செவ்வாய் 22, புதன் 20. நான் அலுவலகத்தில், மகள் பள்ளியில், அப்பா மதியத் தூக்கத்தில் இருக்கும் நேரம்.

சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. "யாரும் இல்லாதப்ப ஏம்மா ஏறுற?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லாததாலதான் ஏறுறேன்" என்றார். "நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆடுறேன். உங்கப்பாகிட்ட சொல்லிடாத. அப்புறம் டைரியைத் தூக்கிட்டு வந்துடுவாரு."

மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன் நாற்காலியை இன்னும் அரையடி முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுப் போனேன்.